படத்தில் இருந்த ஆர்பர் வண்டியில் வரவில்லை

பழைய மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) தேடுகிறவர்கள், அதிலும் பேர் தெரியாத கம்பெனி மெஷின் மேல் கண் வைத்திருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

வாங்கியது சின்ன ஹரிசாண்டல் மெஷின், கட்டர் மாட்டும் தண்டு படுக்கையாக இருக்கும் வகை. பேர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைகள் மட்டும். விற்றவர் அனுப்பிய படங்களில் பச்சை பெயிண்ட் பளபளத்தது. மெஷினின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலில் ஆர்பர் என்கிற கட்டர் மாட்டும் தண்டு, அதன் மறுமுனையைத் தாங்கும் பிராக்கெட், நடுவே ஒரு கட்டர், எல்லாம் கச்சிதமாக மாட்டியிருந்தன. ஆர்பர் முனையில் இருந்த நட்டின் ஒரு மூலை உளியால் தட்டியதுபோல் நசுங்கியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் அதுகூட மனப்பாடம்.

நேரில் போனால் ஆர்பரைக் காணோம். "கழட்டித் துடைச்சு வச்சிருக்கேன் சார், வண்டியில ஏத்தும்போது சேர்த்து அனுப்பிடறேன்" என்றார். சரி என்றேன். மெஷினை ஓட்டிக் காட்டினார். அத்தனை பழைய கியர்பாக்ஸிலிருந்து சத்தமே இல்லை. சந்தோஷப்பட்டேன்! மேசையின் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பினேன், பேக்லாஷ், அதாவது மேசை நகராமல் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும் அளவு, மிகக் குறைவு. மேசை முழுக்க வலது ஓரத்தில் நின்றிருந்தது. அதை ஏன் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பட்டறையில் இறக்கிய அன்றே மேசையை நடுவுக்குக் கொண்டுவந்தேன். கைச்சக்கரம் அரைச்சுற்று சும்மா சுற்றியது, மேசை அசையவில்லை. காலமெல்லாம் வேலை நடந்தது நடுவில்தான், அதனால் மேசையை நகர்த்தும் ஸ்க்ரூ அங்கேதான் தேய்ந்திருக்கிறது. ஓரத்து மரைகள் புதுசு போல. அந்த ஸ்க்ரூவின் நட்டை நடுவுக்கு ஏற்றபடி இறுக்கினால் ஓரத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. ஸ்க்ரூவையே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினேன். கூழ் மாதிரி வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருநெருவென்றது, மரத்தூள். தேய்ந்த கியரின் இரைச்சலை அடக்க மரத்தூள் போடுவது அரதப்பழசு வித்தை. கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் அந்தக் கணத்தில் நினைவுக்கு வரவில்லை. மேசையின் டி-ஸ்லாட் (வேலைப்பொருளைப் பிடிக்கும் போல்ட் நுழையும் காடி) விளிம்பில் பெயிண்ட் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. காந்தத்தை வைத்தேன், வழுக்கி விழுந்தது. அரை விரல் நீளத்துக்கு வார்ப்பிரும்பு உடைந்துபோய், அந்த இடத்தில் பட்டி வைத்து மெழுகியிருந்தார்கள். கீழே மேசையைத் தாங்கும் பாகத்தில் தின்னர் துணியால் துடைத்தபோது மஞ்சளாக ஒரு கோடு. விரிசலை பிரேசிங் செய்து, அதாவது பித்தளையை உருக்கி ஒட்டி, அதன்மேல் பச்சை அடித்திருக்கிறார்கள். அந்த பிரேசிங் நன்றாகவே செய்யப்பட்டிருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். விற்றவர் முன்பே சொல்லியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசி அதே மெஷினை வாங்கியிருப்பேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆர்பர்தான் வரவேயில்லை, பிராக்கெட்டும் இல்லை. போனில் கேட்டேன். "படத்துல இருந்தது ஒரு மாதிரிக்கு சார். அதெல்லாம் எங்கயும் கிடைக்கும், ஸ்டாண்டர்டு சைஸ்தானே" என்றார். பில்லில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருந்ததையும் அவரே நினைவூட்டினார்.

ஸ்டாண்டர்டா? ஸ்பிண்டில் ஓட்டை கூம்பாகச் சரியும், அந்தச் சரிவுதான் டேப்பர். மோர்ஸ் என்ற டேப்பர் அளவில் 3-ஆம் நம்பர் ஸ்லீவ் (கூம்பு உறை) ஸ்பிண்டிலுக்குள் போய்த் தடதடவென ஆடியது. 4-ஆம் நம்பர் ஓர் அங்குலம்கூடப் போகாமல் நின்றுவிட்டது. அளந்து பார்த்தால் பிரவுன் அண்ட் ஷார்ப் 9. 1862-இல் முதல் யுனிவர்சல் மில்லிங் மெஷினைச் செய்த கம்பெனியின் டேப்பர் அது. மோர்ஸ் ஏறக்குறைய 20-க்கு 1 என்று சரியும் (நீளம் 20-க்கு விட்டத்தில் 1), இது 24-க்கு 1. பிறகு வந்த மில்லிங் மெஷின்களில் 24-க்கு 7 வந்துவிட்டதால் இந்த அளவில் ஆர்பர் கடைகளில் கிடைப்பதில்லை. தெரிந்த டர்னர் ஒருவர், எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் நீல மையான புளூ தடவிப் போட்டுப் பார்த்து, எடுத்துத் திரும்பவும் கடைந்து, மூன்று நாள் உட்கார்ந்து ஒன்று செய்து கொடுத்தார். பிராக்கெட் இன்னும் ஆகவில்லை. அதை மாட்ட வேண்டிய, மெஷின் மேலே நீட்டியிருக்கும் வட்டத்தண்டின் விட்டமும் எந்த அளவிலும் சேராத ஒன்று.

பார்க்கப் போகும்போது ஸ்பிண்டிலுக்குள் போட்டுப் பார்க்க இரண்டு ஸ்லீவ், ஒரு காந்தம், ஒரு டயல் கேஜ் பையில் இருக்கட்டும். மேசையை நடுவில் வைத்துப் பேக்லாஷ் பாருங்கள். விற்பவர் முறைத்தாலும் டிரெயின் பிளக்கைக் கழற்றி நாலு சொட்டு ஆயில் பிடியுங்கள். கையில் தொட்டுப் பார்க்காத எந்தப் பாகத்தையும் விலையில் சேர்க்காதீர்கள்.

போன வாரம் அதே ஆள் இன்னொரு மெஷினை விற்பனைக்குப் போட்டிருந்தார். இந்த முறை நீல பெயிண்ட், வேறு கம்பெனி. ஸ்பிண்டிலில் ஓர் ஆர்பர் மாட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நட்டின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.