ஊரில் ரத்தபித்த வைத்தியம்: நீராவிப் பெட்டியில் உட்காரும் முன்

லீவுக்கு ஊர் வருகிறவர்களுக்கு ஆயுர்வேத ரிசார்ட்டுகள் முதலில் நீட்டுவது பேக்கேஜ்தான். எண்ணெய் தேய்த்து அபியங்கம், அது முடிந்ததும் நீராவிப் பெட்டி. மூட்டுவலிக்காரருக்கு அது ஒத்துப்போகலாம். உடல் சூட்டால் மூக்கில் ரத்தம் வடிகிறது, மலத்தோடு ரத்தம் போகிறது என்பவருக்கு ஆகாது. இப்படி ரத்தம் வடிவதைத்தான் ஆயுர்வேதம் ரத்தபித்தம் என்கிறது. வியர்க்க வைக்கக் கூடாதவர்கள் என்று ஆயுர்வேதப் பழநூலான சரக சம்ஹிதை சொல்பவர்களில் ரத்தபித்த நோயாளியும் உண்டு. இதைக் கேட்காமலே பெட்டியைத் திறக்கிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

விஷயம் தெரிந்த வைத்தியர் முதலில் கேட்பது, ரத்தம் எந்த வழியாக வருகிறது என்று. மூக்கு, வாய் என்றால் ஊர்த்துவகம். ஆசனவாய், சிறுநீர், மாதவிடாய் வழி என்றால் அதோகம். மேல்வழிக்குப் பேதி, கீழ்வழிக்கு வாந்தி: எதிர்ப்பக்கம் இழுப்பதே முறை. அதுவும் உடம்பில் பலம் இருந்தால்தான். மெலிந்தவருக்குக் கஷாயமும் பத்தியமும் மட்டும்.

பேதி சிகிச்சை ஒருநாள் வேலையில்லை. முன்னால் 3 முதல் 7 நாள் மருந்து நெய், பின்னால் கஞ்சியில் தொடங்கிச் சோற்றுக்கு ஏற இன்னும் 3 முதல் 7 நாள். நடுவில் கல்யாண விருந்து இருந்தால் தொடங்கவே கூடாது. பேதியான வயிற்றில் பிரியாணி இறங்கினால் பசித்தீ அணைந்து, வந்த நோயோடு அஜீரணமும் சேரும்.

கஷாயத்துக்கு ஆடாதோடை, வெட்டிவேர், சந்தனம் முக்கியச் சரக்குகள். ஒன்றிரண்டாக இடித்த சரக்கு 48 கிராமுக்குத் தண்ணீர் 16 மடங்கு, அதாவது 768 மில்லி. எட்டில் ஒன்றாய், 96 மில்லியாகச் சுண்ட வேண்டும். மாவாக அரைத்துப் போட்டால் அடிப்பிடித்து, வடிகட்ட முடியாத கூழாகிவிடும். கடையில் வாங்கும் பாட்டில் கஷாயம் வேறு: வழக்கமாக 15 மில்லியோடு 60 மில்லி ஆறவைத்த வெந்நீர், சாப்பாட்டுக்கு முன். அப்படியே குடித்தால் வயிறு புரட்டும். இந்த நோய்க்குத் தரும் உசீராசவம் வெட்டிவேர் சேர்த்துப் புளிக்கவைத்த மருந்து, அதில் ஆல்கஹால் உண்டு. சர்க்கரை நோயாளிகளும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் கேட்டுவிட்டுக் குடிக்கவும். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது, கருப்பையைச் சுருக்கும்.

பத்தியத்தில் கொள்ளு, எள், தயிர், புளி, காரம் விலக்கு. பச்சைப்பயறு, பழைய அரிசி, மாதுளை, நெல்லிக்காய் நல்லது. ‘கொள்ளு ரசம் உடம்புக்கு நல்லது’ என்று வீட்டில் ஊற்றுவார்கள். இந்த நோய்க்கு அதுவே சூடு.

சூடு என்று முடிவுகட்டும் முன் ரத்தப் பரிசோதனை வேண்டும்: தட்டணுக்கள், ஹீமோகுளோபின், உறைதல் நேரம். டெங்குவும், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியாவும் கஷாயத்துக்கு அடங்காது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், மயக்கம் என்றால் நேராக அவசரப் பிரிவு. மூக்கில் வடிந்தால் அண்ணாந்து படுக்காமல், முன்னே குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அரைமணி நேரத்திலும் நிற்காவிட்டால் மருத்துவமனை.

ரிசார்ட் வேண்டாம் என்பவர்களுக்கு நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே வாங்கினாலும் உற்பத்தி உரிம எண், தொகுதி எண் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். உலோகம், தாதுக்களைப் புடமிட்டுப் பொடியாக்கிய பஸ்பம் என்றால் இரட்டிப்புக் கவனம். சில ஆயுர்வேத மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருப்பதாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.