காலி மனையா, மத்தியஸ்தரா? பிலடெல்பியாவில் நாங்கள் எடுத்த முடிவு

துப்பாக்கிச் சூட்டைக் குறைக்க எங்கள் தெரு சங்கத்தின் முன் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, தகராறு முற்றும் முன் நடுவே போய்ப் பேசும் மத்தியஸ்தர்களுக்கு ஆதரவு திரட்டுவது. மற்றது, காலி மனைகளைச் சுத்தம் செய்து புல் போடுவது. இருந்த சொற்பப் பணத்துக்கும் ஆள்பலத்துக்கும் ஒன்றுதான் கட்டுப்படியாகும். மனைக்குத்தான் நான் கைதூக்கினேன்.

மத்தியஸ்த முறையைக் குறை சொல்ல மாட்டேன். தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000-இல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கில் ஆரம்பித்தது அது. ஒரு காலத்தில் கும்பலில் இருந்தவர்களே இந்த வேலைக்கு வருவதால், போலீஸிடம் வாய் திறக்காத பையனும் இவர்களிடம் பேசுவான். பழிவாங்க இன்றிரவே கிளம்புகிறவனை இவர்களால்தான் நிறுத்த முடியும், புல்தரையால் முடியாது. ஆனால் பால்டிமோரில் இதே வேலை ஒரு பேட்டையில் பலித்தது, இன்னொன்றில் பலிக்கவில்லை. அங்கே ஊழியர்களே சுட்டுக் கொல்லப்பட்டதும் உண்டு. நான் அவர்களோடு தெருவில் நின்றவன் இல்லை, கூட்டங்களில் கேட்டதோடு சரி. அதனால் என் கணிப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

மனை விஷயத்துக்கு வருகிறேன். புதர் மண்டிய மனை என்றால் துப்பாக்கியை ஒளித்து வைக்கத் தோதான இடம். இடுப்பில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். 2018-இல் வெளியான ஆய்வுக்காக இந்த ஊரிலேயே 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழான பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. செய்ததென்னவோ சாதாரண வேலை: குப்பையை அள்ளி, நிலத்தை நிரவி, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது இதன் பராமரிப்புச் செலவு. 2018 வாக்கின் கணக்குப்படி ஒரு மனையைச் சீராக்க சுமார் 1,600 டாலர், அப்புறம் ஆண்டுக்கு 180 டாலர் அளவில் ஓடியது. மத்தியஸ்தருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும், அதுவும் பெரும்பாலும் அரசு மானியத்தில் வருவது. 2015-இல் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநில அரசு பணத்தை நிறுத்தியதும் சிகாகோவில் பல பேட்டைகளில் வேலை நின்றது. அடுத்த ஆண்டு அந்நகரில் கொலைகள் 750-ஐத் தாண்டின. இரண்டையும் நேராக முடிச்சுப் போட முடியாது, வேறு காரணங்களும் இருந்தன. 2025 ஏப்ரலில் அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகமும் இத்தகைய மானியங்களைப் பாதியிலேயே வெட்டியது. சம்பளம் நின்றால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். வருடக்கணக்கில் அவர் சேர்த்த நம்பிக்கையை அடுத்து வருகிறவர் முதலிலிருந்துதான் சேர்க்க வேண்டும். புல்லுக்கோ பணம் நின்றால், தெருக்காரர்களே ஒரு வெட்டு இயந்திரத்தைக் கடன் வாங்கி ஒரு பருவத்தைத் தள்ளிவிடலாம்.

ஆனால் புல் வெட்டுவதைத் தள்ளிப்போட மட்டும் முடியாது. ஜூலையில் ஒரு மாதம் விட்டால் களை முழங்காலைத் தொடும், பின்னாலேயே பழைய மெத்தையும் டயரும் வந்து விழும். மனைக்குச் சொந்தக்காரர் விற்றுவிட்டால் நம் உழைப்பும் அதோடு போயிற்று.

உங்கள் தெருவில் இரு தரப்புக்குள் பகை இப்போதே புகைந்துகொண்டிருந்தால் மத்தியஸ்தர்களையே முதலில் கூப்பிடுங்கள். மனை என்று முடிவெடுத்தால், செலவு மிச்சம் என்று வேலியை விட்டுவிடாதீர்கள். வேலி இல்லாத புல்தரையில் இரவில் லாரி ஏறிக் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போய்விடும்.