பிஸ்டனை எப்போது இழுப்பது: மணிக்கணக்கா, போர்ட் வழிப் பார்வையா, ட்ரெயின் ஆயிலா?

கன்டெய்னர் கப்பல், டேங்கர், பல்க் கேரியர் என்று பெரிய கப்பல் எதுவானாலும் அதைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் ஒரே வகை என்ஜின்தான். நிமிடத்துக்கு 60 முதல் 120 சுற்று வரை மெதுவாகச் சுற்றும் க்ராஸ்ஹெட் (பிஸ்டன் தண்டையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் மூட்டு) உள்ள டூ-ஸ்ட்ரோக் டீசல் அது. 2006-இல் எம்மா மெர்ஸ்க் கப்பலில் பொருத்திய 14 சிலிண்டர் வார்ட்சிலா என்ஜினின் எடை சுமார் 2,300 டன். சிலிண்டர் விட்டம் 960 மி.மீ., ஸ்ட்ரோக் 2,500 மி.மீ. இந்த அளவு இயந்திரத்தில் ஒரு பிஸ்டனை வெளியே இழுப்பது என்பது எக்ஸாஸ்ட் வால்வு, சிலிண்டர் கவர், பிஸ்டன் தண்டைச் சுற்றி அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, பல டன் எடையை என்ஜின் ரூம் க்ரேனில் தூக்கும் வேலை. நல்ல ஆட்கள் இருந்தாலும் ஒரு சிலிண்டருக்கு ஒரு முழு வேலை நாள் போய்விடும்.

அதை எப்போது செய்வது என்று முடிவெடுக்க மூன்று வழிகள் உண்டு. ஓடிய மணிக்கணக்கைப் பார்ப்பது, சிலிண்டருக்குள் காற்று நுழையும் ஸ்கேவஞ்ச் போர்ட் வழியாக உள்ளே பார்ப்பது, சிலிண்டருக்கு அடியில் வடியும் எண்ணெயை, அதாவது ட்ரெயின் ஆயிலைச் சோதிப்பது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்ட் வழிப் பார்வைதான் முதல் சாட்சி. எண்ணெய் இரண்டாவது. மணிக்கணக்கு வெளி எல்லைக்கோடு மட்டும்.

மணிக்கணக்கின் பலம் அதன் எளிமை. கப்பல் வருடத்துக்குச் சுமார் 6,000 மணி நேரம் ஓடுகிறது, ஓவர்ஹால் இடைவெளி 16,000 மணி என்றால் இரண்டே முக்கால் வருடத்துக்கு ஒரு முறை. ஸ்பேர் ஆர்டர் செய்யலாம், டிரை டாக்கோடு சேர்த்துத் திட்டமிடலாம், கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரியும். ஆனால் லைனரும் (சிலிண்டரின் உள்சுவர்) ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய அடைப்பு வளையம்) தேய்வது மணியால் இல்லை. எரிபொருள், அதன் கந்தகம், சிலிண்டர் எண்ணெய், லோடு, எரிபொருளைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையரை எப்படி ஓட்டினார்கள் என்பது, இவைதான் தேய்மானத்தைத் தீர்மானிக்கின்றன. சுத்திகரிப்பு ஆலையில் கலந்து வரும் அலுமினியம், சிலிக்கன் துகள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல்களில் பரவலாக எரிக்கும் கனரக எரிபொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 8217 தரம் கிலோவுக்கு 60 மி.கி. வரை அனுமதிக்கிறது. என்ஜினுக்குள் போகும்போது 15-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். நடுவில் இருக்கும் பியூரிஃபையர் சரியாக வேலை செய்யாவிட்டால் ஒரே பங்கர் (ஒரு முறை நிரப்பும் எரிபொருள்) மாதக்கணக்கான ஆயுளைத் தின்றுவிடும். மணி மீட்டருக்கு இது தெரியவே தெரியாது.

அதற்கு மறுபக்கமும் உண்டு. நன்றாகப் படிந்து ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டரை, நேரம் வந்துவிட்டது என்பதற்காகவே திறப்பது நல்லதல்ல. புது ரிங் போட்டால் மறுபடி ரன்னிங்-இன் (பழக்கி ஓட்டுதல்), எண்ணெய் அதிகம், லோடு மெதுவாக ஏற்ற வேண்டும். புது ரிங் லைனரில் படியும் அந்த நாட்களில்தான் ஸ்கஃபிங் (எண்ணெய்ப் படலம் போய் உலோகம் உலோகத்தோடு உரசிக் கீறுவது) ஆபத்து மிக அதிகம். ஆரோக்கியமான சிலிண்டரைக் கலைத்து நாமே நோயை வரவழைக்கக் கூடாது.

போர்ட் வழிப் பார்வைக்கு வருவோம். லைனரின் கீழ்ப்பகுதியில் காற்று நுழையும் துளைகள் வழியாக, என்ஜினைச் சுற்றிவிடும் டர்னிங் கியரால் பிஸ்டனை மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு ரிங்காகப் பார்ப்பது. ஸ்டார்ட்டிங் ஏர் அடைத்து, இண்டிகேட்டர் காக் என்ற சிலிண்டரின் சிறு வால்வைத் திறந்து, டர்னிங் கியர் பூட்டி, ஸ்கேவஞ்ச் பெட்டியைக் காற்றோட்டம் செய்து, மூடிய இடத்துக்கான பெர்மிட் எடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். துறைமுகத்தில் என்ஜினை முடக்கவும் அனுமதி வேண்டும். கூலிங் வாட்டரும் லூப் ஆயிலும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அப்போதுதான் கிராக் விட்ட கவரிலிருந்து சொட்டும் நீரும், பிஸ்டனிலிருந்து கசியும் எண்ணெயும் கண்ணில் படும்.

என்ன தெரியும்? ரிங் வழவழவென்று மின்னினால் நிம்மதி. ரிங் முகத்தில் கறுப்புத் திட்டு இருந்தால் வாயு கசிந்து போகிறது. செங்குத்துக் கீறலும் கூரான விளிம்பும் இருந்தால் ஸ்கஃபிங் ஆரம்பம். மரக்குச்சியால் ரிங்கை அழுத்திப் பாருங்கள். அது உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. முதல் ரிங்கில் வாயு அழுத்தத்தைப் பங்கிடும் சாய்ந்த பள்ளங்கள் உள்ள வகையானால், அந்தப் பள்ளத்தின் ஆழமே மிச்ச ஆயுளைச் சொல்லிவிடும். பிஸ்டன் தலைக்கும் முதல் ரிங்குக்கும் நடுவே வெள்ளையாகக் கெட்டிப் படிவு இருந்தால், எரிபொருளில் இருக்கும் கந்தகத்துக்கு எண்ணெயின் காரத்தன்மை அதிகம் என்று பொருள். அந்தப் படிவு லைனர் சுவரின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஸ்கஃபிங்குக்கு வழி திறக்கும்.

ஆறு சிலிண்டரை அரை நாளில் பார்த்துவிடலாம், ஸ்பேர் செலவு இல்லை. குறை என்னவென்றால், பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தே எல்லாம். செகண்ட் இன்ஜினியர் மாறினால் 'சுமார்' என்ற சொல்லின் அர்த்தமும் மாறும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில், சிலிண்டர் எண் எழுதி போட்டோ எடுக்க வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். இன்னொரு குறை: லைனரின் மேல்பகுதித் தேய்மானத்தை இப்படி அளக்க முடியாது. பிஸ்டனின் எண்ணெய் அறைக்குள் கரி படிந்திருந்தால் அதுவும் தெரியாது.

அந்த மறைவிடத்தைத்தான் ட்ரெயின் ஆயில் ஓரளவு காட்டுகிறது. சிலிண்டரிலிருந்து வழித்து வரும் எண்ணெயில் இரும்பு எவ்வளவு, அமிலத்தைச் சமாளிக்கும் காரம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. கந்தகம் அதிகமுள்ள எரிபொருளோடு பி.என். (காரத்தன்மை எண்) 100 உள்ள எண்ணெய் ஓடும்போது மிச்சம் 25-க்கு மேல் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே போனால் லைனரை அமிலம் தின்கிறது. கையில் இந்த எண் இருந்தால்தான் எண்ணெய் ஊட்டத்தைக் கிலோவாட் மணிக்கு 0.6 கிராம் அளவுக்குக் குறைக்கத் துணியலாம். சிலிண்டர் எண்ணெய் எவ்வளவு பெரிய செலவு என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் எண்ணெய் மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. கப்பலிலேயே வைத்துப் பார்க்கும் சில கருவிகள் காந்தத்துக்கு இழுபடும் இரும்பை மட்டும் அளக்கும். உரசலால் வரும் இரும்பு அதில் தெரியும். அமிலம் அரித்து வரும் இரும்பு பெரும்பாலும் காந்தத்துக்குப் படியாது. 2008-க்குப் பிறகு கப்பல்களை மெதுவாக ஓட்டும் வழக்கம் பரவியபோது, லைனர் சுவர் குளிர்ந்து அமில அரிப்புதான் பெரிய தலைவலியானது. அப்போது காந்தக் கருவி 'எல்லாம் நலம்' என்று சொல்லும், லைனர் கரைந்துகொண்டிருக்கும். மொத்த இரும்பையும் அளக்கும் முறை வேண்டும். சாம்பிளை லோடு நிலைத்த பிறகு, பழைய எண்ணெயை வடியவிட்டு, சிலிண்டர் வாரியாக எடுக்க வேண்டும். ஸ்டஃபிங் பாக்ஸ் வழியாக, பேரிங்குகளுக்கு ஓடும் சிஸ்டம் ஆயில் கலந்தால் எண்கள் நீர்த்துவிடும்.

எந்தக் கப்பலுக்கு எது? புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவும் ஸ்க்ரப்பர் வைத்து, கந்தகம் அதிகமுள்ள எண்ணெயை எரிக்கும் கப்பலில் ட்ரெயின் ஆயிலுக்குக் கூடுதல் எடை கொடுப்பேன், அங்கே எதிரி அமிலம். 2020 ஜனவரி முதல் வந்த 0.50 சதவீதக் கந்தக எரிபொருளில் ஓடும் கப்பலில் எதிரி படிவும் ஸ்கஃபிங்கும். பி.என். குறைந்த எண்ணெய்கள் சில போதுமான அளவு சுத்தம் செய்யவில்லை, என்ஜின் வடிவமைக்கும் மேன் நிறுவனம் எண்ணெய்களை இரண்டு வகையாகப் பிரித்து, சுத்தம் செய்யும் திறன் கூடியவற்றைத் தன் புதிய என்ஜின்களுக்குச் சொன்னது. இங்கே போர்ட் பார்வைதான் ராஜா. கையில் பழைய ரெக்கார்டே இல்லாமல் வாங்கிய செகண்ட்-ஹேண்ட் கப்பலில் மட்டும் முதல் சுற்றுக்கு மணிக்கணக்கை நம்புவேன்.

பேரிங் கதை வேறு. மெயின் பேரிங்கையும் க்ராஸ்ஹெட் பேரிங்கையும் சும்மா திறந்து பார்ப்பதில் லாபத்தைவிட அபாயம் அதிகம். அழுக்கு உள்ளே போகும், மூடும்போது தப்பு நடக்கும். பிஸ்டன் கடைசிக் கீழ்நிலைக்கு (கீழ் டெட் சென்டர்) வரும்போது க்ராஸ்ஹெட்டை வழிநடத்தும் கைடு ஷூ எந்த உயரத்தில் இருக்கிறது என்று சென்சாரால் கவனிப்பது, எண்ணெயில் நீர் அளவு பார்ப்பது, க்ராங்க்ஷாஃப்ட் டிஃப்ளெக்ஷன் (வளைவு) எடுப்பது, இவை சரியாக இருந்தால் மூடியே இருக்கட்டும்.

அப்புறம் கிளாஸ், அதாவது கப்பலைச் சோதித்துச் சான்றளிக்கும் சங்கம். தொடர் சர்வே முறையில் ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாகமும் ஒரு முறை சர்வேக்கு வர வேண்டும். ஆகவே ஒரு பிஸ்டனை எப்படியும் இழுக்கத்தான் போகிறீர்கள் என்றால், வரிசை எண்படி இழுக்காதீர்கள். போர்ட் போட்டோவிலும் எண்ணெய் அறிக்கையிலும் மோசமாகத் தெரியும் சிலிண்டரை இழுங்கள். லைனரை மைக்ரோமீட்டரால் அளந்து, ரிங் பள்ளங்களைப் பார்த்து, போர்ட் வழியே பார்த்தபோது எழுதிவைத்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மற்ற சிலிண்டர்களையும் இன்னும் சில ஆயிரம் மணி ஓட்டலாம். ஒத்துப்போகாவிட்டால் அடுத்த துறைமுகத்திலேயே இரண்டாவது பிஸ்டனையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.