ஆய்வுப் பயிற்சிக்கு ரெஸ்யூமே எழுத ஓவர்லீஃப் எந்த அளவுக்கு உதவும்?

சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கோ, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து வழங்கும் இரண்டு மாத உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு, ரெஸ்யூமே தயாரிக்க நான் முதலில் சொல்வது ஓவர்லீஃப் தளத்தைத்தான். கட்டளைகளாக எழுதுவதை அச்சுத்தரமான ஆவணமாக வடிவமைக்கும் லேடெக் (LaTeX) மென்பொருளைக் கணினியில் நிறுவாமல், பிரவுசரிலேயே இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் பி.டி.எஃப். வடிவத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இலவசக் கணக்கில் கம்பைல் செய்யும், அதாவது எழுதியதை பி.டி.எஃப். ஆக மாற்றும், நேரத்துக்கு வரம்பு உண்டென்றாலும், ஒரு பக்க ரெஸ்யூமேக்கு அது தடையாக இராது.

தளத்தில் குவிந்திருக்கும் டெம்ப்ளேட்டுகள்தாம் மாணவர்களைத் திசைதிருப்புகின்றன. புகைப்படம், பக்கத்தை நெடுக்கில் பிரிக்கும் இரண்டு பத்திகள் (columns), திறமைக்கு நட்சத்திரக் குறிகள் என்று கண்ணைப் பறிப்பவை பல. அவை ஆய்வகத்துக்கு ஏற்றவை அல்ல. பைத்தான் என்ற நிரல்மொழிக்கு நேராக நான்கு நட்சத்திரம் போடுவதால் ஒரு பேராசிரியருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. "வெப்பக் கடத்தல் சமன்பாட்டுக்குப் பைத்தானில் எண்முறைத் தீர்வு எழுதி, அதைப் பகுமுறைத் தீர்வுடன் ஒப்பிட்டேன்" என்ற ஒரே வரியில், மாணவர் என்ன படித்தார், எதைத் தாமே செய்தார், விடையைச் சரிபார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆகவே ஒற்றைப் பத்தி கொண்ட எளிய டெம்ப்ளேட்டைத் தேர்ந்து, கல்வித் தகுதிக்கு அடுத்தே புராஜெக்ட்டுகளை வைத்து, பள்ளிக்காலப் பேச்சுப்போட்டிப் பரிசுகளை நீக்கிவிடுவது நல்லது.

புதியவர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. மதிப்பெண்ணுக்குப் பின்னால் சதவீதக் குறியை அப்படியே இட்டால், லேடெக் அதைக் குறிப்புரையின் தொடக்கமாகக் கொண்டு, அந்த வரியில் அதன் பின் வரும் அனைத்தையும் விட்டுவிடும். பிழைச் செய்தி வராமலும் போகலாம் என்பதால், கல்லூரியின் பெயரோ ஆண்டோ காணாமல் போனதை அறியாமலே அனுப்பிவிடக்கூடும். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) இட்டால் போதும், பி.டி.எஃப்.ஐ வரிவரியாகப் படித்துப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

இலவசக் கணக்கில் ஒருவரை மட்டுமே உடன் திருத்த அழைக்கலாம். அந்த ஓர் இடத்தை நண்பருக்குக் கொடுக்காமல், பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் ஆசிரியருக்குக் கொடுங்கள். ரெஸ்யூமேயில் உள்ள புராஜெக்ட்டைத்தான் அவரும் தம் கடிதத்தில் விளக்கப்போகிறார். கடைசித் தேதிக்கு இரண்டே நாள் இருக்க, லேடெக்கை இதுவரை தொட்டதே இல்லையென்றால், இந்த முறை கூகுள் டாக்ஸிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.