சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறினால் லாபமா?

"சிகரெட்ல கெமிக்கல் போடுறான் மாப்ள, பீடின்னா வெறும் இலையும் தூளும்தான்." டீக்கடையில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. பக்கத்தில் நிற்பவர் இன்னும் ஒரு படி மேலே போவார்: "நான் புகையே வேணாம்னு வாயில அடக்குற புகையிலைப் பொட்டலத்துக்கு மாறிட்டேன், நுரையீரல் தப்பிச்சுது." என் மாமா ஒருவர் இருபது வருடத்தில் மூன்றையும் சுற்றி வந்தவர். ஒவ்வொரு முறை மாறும்போதும் "குறைச்சுட்டேன்" என்றுதான் சொல்வார். சரி, என்னதான் குறைந்தது?

முதலில் பீடி. ஒரு பீடிக்குள் இருக்கும் புகையிலை சுமார் 0.2 கிராம்தான். சிகரெட்டில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். கணக்குப்படி பீடி தப்பிக்க வேண்டும். ஆனால் சுற்றியிருக்கும் இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. இழுக்காமல் கையில் வைத்திருந்தால் அணைந்துவிடும். அதனால் பீடி குடிப்பவர் அடிக்கடி இழுக்கிறார், ஆழமாக இழுக்கிறார். ஃபில்டரும் கிடையாது. கடைசியில் தார் எனும் பிசுபிசுப்பான புகைக்கசடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சிகரெட்டுக்குச் சளைக்காமல் உள்ளே போகின்றன. "கெமிக்கல் இல்லை" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். புகையில் உள்ள விஷத்தில் பெரும்பகுதி எரிவதிலிருந்து பிறக்கிறது. எந்த இலையை எரித்தாலும் அதே கதைதான்.

நேர்மையாகச் சொன்னால், ஆயுள் கணக்கில் பீடிக்குச் சாதகமாக ஒரு எண் இருக்கத்தான் செய்கிறது. இந்தியா முழுவதும் நடத்தி 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 வருடம் இழக்கிறார்கள், சிகரெட் குடிக்கும் ஆண்கள் 10 வருடம். பீடி குடிக்கும் பெண்களுக்கு இழப்பு 8 வருடம். நாலு வருடம் லாபம் என்று யாராவது இதைத் தூக்கிக்கொண்டு வரலாம். 70 வரை இருக்க வேண்டியவர் 64இல் போவதற்குப் பெயர் லாபம் என்றால் எனக்கு மறுப்பில்லை.

காசநோய் விஷயத்துக்கு வந்தால் எது புகைந்தது என்ற பேச்சே பின்னால் போய்விடுகிறது. தமிழ்நாட்டில், சென்னையிலும் கிராமப்புறத்திலும், 1990களின் பிற்பகுதியில் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை உயிரோடிருந்த 35,000 ஆண்களுடன் ஒப்பிட்டார்கள். முடிவு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. காசநோயால் சாகும் அபாயம் புகைத்தவர்களுக்கு நாலு மடங்குக்கும் மேல். புகை என்றால் புற்றுநோய் என்று மட்டும் நினைக்கிற நமக்கு, பக்கத்து வீட்டுக் காசநோய் இருமலும் பெரிய ஆபத்து.

பீடியைப் பற்றிப் பேசும்போது அதைச் சுற்றுகிறவர்களை விட்டுவிட முடியாது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தூளோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒரு இழுப்புகூட இழுக்காதவர்கள். ஆனாலும் தூள் மூச்சு வழியாகவும் நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகிறது.

சிகரெட் தரப்பின் பெரிய வாதம் ஃபில்டர். ஃபில்டர் ஓரத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு துளைகள் இருக்கும். எந்திரத்தில் வைத்துச் சோதிக்கும்போது அவற்றின் வழியாகக் காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்யும், தார் குறைவு என்று எண் வரும். மனிதர் குடிக்கும்போது விரலும் உதடும் துளைகளை மூடிவிடும். போதாக்குறைக்கு, நிகோடின் குறைந்தால் உடம்பு தானாகவே இன்னும் ஆழமாக இழுக்கச் சொல்லும். புகை நுரையீரலின் ஓரங்கள் வரை போய்ச் சேர்கிறது. பெரும்பாலும் அந்த ஓரங்களில் தோன்றும் அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்று பெருகியதற்குச் சிகரெட்டின் வடிவ மாற்றமும் காரணம் என்று அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை சொல்லிவிட்டது.

பொட்டலம்? புகை இல்லை, உண்மை. நுரையீரலுக்குச் சுமை குறைவு, அதுவும் உண்மை. ஆனால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மணிக்கணக்காக அடக்கி வைக்கும்போது புகையிலையில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் அங்கேயே ஊறுகின்றன. நம் நாட்டு வாய்ப்புற்று கன்னத்திலும் ஈறிலும் அதிகம் வருவது தற்செயல் இல்லை. கூடவே பாக்கு இருந்தால் இன்னொரு கொடுமை: வாயின் உட்தோல் நார் நாராக இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். 2016-17 கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்தினார்கள். பீடி 7.7, சிகரெட் 4. நாம் சண்டை போடுவதெல்லாம் சிகரெட்டோடு, கூட்டமோ வேறு பக்கம் நிற்கிறது.

மின் சிகரெட்டைப் பற்றி ஒரு வரி போதும். எரிப்பு இல்லாததால் சிகரெட்டைவிட நஞ்சு குறைவு என்று இங்கிலாந்தில் சொல்கிறார்கள். நிகோடின் பிடி அப்படியே இருக்கிறது, இங்கே 2019 முதல் விற்பனையே தடை.

எதற்கும் மாறவில்லை, எண்ணிக்கையை மட்டும் குறைக்கிறேன் என்பவர்களுக்கு இதயம் ஒத்துழைக்காது. நாளுக்கு 20 குடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்கும் வந்துவிடுகிறது. இருபதிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் இருபதில் ஒரு பங்கு என்று மாமா போட்ட கணக்கு அங்கேதான் இடித்தது. முழுவதும் விட்டால்தான் கணக்கு மாறும். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்ததில், 40 வயதில் விட்டவர்கள் சுமார் 9 வருடமும், 50இல் விட்டவர்கள் 6, 60இல் விட்டவர்கள் 3 வருடமும் மீட்டிருக்கிறார்கள்.

மாமா விட்டது 58இல், நிகோடின் கம் வைத்து. முதல் தடவை தோற்றார். சூயிங்கம் போல விடாமல் மென்று, எச்சிலை விழுங்கி, விக்கலும் தொண்டை எரிச்சலும் வந்து தூக்கிப் போட்டுவிட்டார். அதை நாலைந்து தடவை மெல்ல வேண்டும், காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், இப்படி அரை மணி நேரம். காபியோ டீயோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாயில் நிகோடின் சரியாக இறங்காது. டீக்கடையில் நின்றுகொண்டு கம் மென்றதுதான் அவர் செய்த பிழை. இரண்டாவது அட்டை வாங்கியதும் முதலில் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார்.