புதுக் கட்டடத்தில் எட்டாவது ஆண்டு

மேலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு நான்தான் டீச்சர். 2018 ஜூனில் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனோம். குழந்தைகள் குழுவாக உட்கார்ந்து தாங்களே செய்து படிக்க ஏற்ற கட்டடம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள்.

எல்லோரும் வந்து பார்த்து வியந்தது, இரு அறைகளுக்கு நடுவிலிருந்த மடக்குத் தடுப்பைத்தான். தள்ளினால் இரண்டு அறையும் ஒரே கூடமாகிவிடும். ஆனால் அதன் சக்கரங்கள் ஓடும் தடம் தரையில் இருந்தது. ஆடிக் காற்று கொண்டுவரும் செம்மண்ணும் சாக்பீஸ் தூளும் அதில் அடைந்துகொள்ள, வாரம் ஒருமுறை துடைப்பக் குச்சியால் நோண்டி எடுப்போம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல் திறந்தபோது, தடுப்பு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. இப்போது அதில் பைகள் தொங்குகின்றன. தடத்தை மேலே வைத்துத் தடுப்பைத் தொங்கவிட்டிருந்தால் தப்பித்திருக்கும். சுவராகவாவது உதவுகிறதா என்றால், பக்கத்து அறையின் வாய்ப்பாடு முழுவதும் எங்களுக்கும் மனப்பாடம்.

யாரும் திரும்பிக்கூடப் பார்க்காதது தாழ்வான கரும்பலகை. குழந்தைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறையின் காலத்திலேயே வந்த ஏற்பாடுதான். தரையிலிருந்து ஒரு முழத்தில் தொடங்கி சுவர் நெடுகப் போகிறது, ஆளுக்கொரு கட்டம். இரண்டாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் இருந்தாள். காலையில் வந்ததும் தன் கட்டத்தில் ‘ழ’ எழுதுவாள், சுழி சரியாக வராவிட்டால் முழங்கையால் அழிப்பாள், மறுபடி எழுதுவாள். நோட்டில் எழுதச் சொன்னால் அழுகிறவள் அவள். சுவரில் எழுதிய தப்பு அன்றே போய்விடுகிறது அல்லவா! 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்து, குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்தபோதும் இந்தப் பலகைதான் கைகொடுத்தது.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீக்கு இரையான பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை ஒழிந்தது. ஒழிய வேண்டியதுதான். ஆனால் காங்கிரீட் தளத்துக்குக் கீழே மதுரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும். தளத்தின் மேலே தட்டு ஓடு பதித்திருந்தும் மின்விசிறி அனல்தான் வீசும். பங்குனி பிறந்ததும் மொட்டைமாடிக்கு வெள்ளை சுண்ணாம்பு அடிக்கிறோம், ஓரளவு குறைகிறது. நான்கு குழுக்கள் ஒரே நேரத்தில் பேசினால் அறை கிணறு மாதிரி எதிரொலிக்கும். பின்சுவரில் சணல் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்ட பிறகுதான் என் தொண்டை பிழைத்தது.

துளைச் செங்கல் சுவர் பத்து மாதம் காற்று தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சாரலும் தருகிறது. அட்டைகள் நனையாமலிருக்கத் தார்ப்பாய் கட்ட வேண்டும்.

உண்மையில் பள்ளி நடப்பது ஆறடி வராந்தாவில்தான். நிழலும் காற்றும் அங்கே இருப்பதால் கதை, மணி கோத்தல், சண்டை எல்லாம் அங்கேயே.

கூடுதல் வகுப்பறைக்கு அளவெடுக்க ஒரு பொறியாளர் வந்தார். தடுப்பு வேண்டாம், வராந்தாவை இரண்டடி அகலமாக்குங்கள் என்றேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டு போனார். போன வாரம் வரைபடம் வந்தது. வராந்தா ஆறடிதான், தடுப்பு இரண்டாகியிருக்கிறது.