பொய்ப்பொருள் விளையாட்டு: எந்த அகராதியை வைத்து ஆடுவது?

விளையாட்டு எளியது. ஒருவர் அகராதியைப் புரட்டி, கூடியிருக்கும் யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப்பொருளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அகராதிக்காரர் மெய்ப்பொருளையும் ஒரு சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து வாசிப்பார். எது மெய் என்று கண்டுபிடித்தால் புள்ளி. நம் பொய்யை அடுத்தவர் நம்பினாலும் புள்ளி. ஆங்கிலம் பேசும் வீடுகளில் அகராதியை வைத்து நெடுங்காலமாக ஆடிவந்த இதுதான் 1984-ல் கனடாவில் 'பால்டர்டாஷ்' என்ற பெட்டி விளையாட்டாக வந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் திருவாரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் மாலை நேரம் இதில்தான் போகிறது. அத்தை, சித்தப்பா, பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வட்டத்தில் உட்காருவார்கள். பெட்டியை வைத்தும் ஆடியிருக்கிறோம், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வைத்தும் ஆடியிருக்கிறோம். கடைசியில் நிலைத்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொற்கள் அட்டையிலேயே அச்சாகி வருவதால் தேடும் வேலை மிச்சம். ஆனால் எல்லாம் ஆங்கிலம். கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் கூடினால் நன்றாகவே போகும். அத்தை வந்து உட்கார்ந்தால் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான்.

க்ரியா அகராதி மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. 1992-ல் முதல் பதிப்பு, 2008-லும் 2020-லும் விரிவாக்கிய பதிப்புகள். இன்றைய தமிழை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம். ஆனால் இன்றைக்குப் புழங்கும் சொற்களைத் தருவதுதான் அதன் நோக்கம். அதனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் வட்டத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது. இலங்கை வழக்கு என்று குறியிட்ட சொற்களை மட்டும் தேடி எடுத்தால் கொஞ்ச நேரம் ஓட்டலாம்.

சொல் தெரிந்ததா தெரியாததா என்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆட்டத்தைத் தீர்மானிப்பது வேறொன்று: மெய்ப்பொருளின் நடையில் பொய்யை எழுத முடிகிறதா?

யோசித்துப் பாருங்கள். வாசிக்கும்போது ஐந்தாறு சீட்டுகள் வரும். அவற்றில் ஒன்று மட்டும் நன்றாகச் செதுக்கிய முழு விளக்கமாக, இடம் பொருள் எல்லாம் பார்த்து எழுதியதாக இருந்தால், சொல்லைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகூட அதுதான் மெய் என்று சொல்லிவிடும். க்ரியாவில் நடப்பது அதுதான். அதன் விளக்கங்கள் அவ்வளவு கச்சிதம். பேனாவைப் பிடித்துக்கொண்டு ஓரிரு நிமிடத்தில் யாராலும் அப்படி எழுத முடியாது. அகராதிக்காரர் சுருக்கி எழுதிக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். செய்து பார்த்தோம். சுருக்கும்போது அவரவர் கைநடை வந்துவிடுகிறது. சித்தப்பா சுருக்கினால் சித்தப்பா எழுதியது போலத்தான் இருக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

லெக்சிகனில் இந்தச் சிக்கலே இல்லை. 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகள், அப்புறம் ஓர் அனுபந்தம், லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் ஆங்கிலத்தில் பொருள், அடுத்துத் தமிழில் பொருள், பிறகு அந்தச் சொல் எந்த நூலில் வருகிறது என்ற குறிப்பு. அந்தத் தமிழ்ப் பொருள் பெரும்பாலும் ஒரு சொல் அல்லது இரண்டு சொல். 'மரவகை', 'மீன்வகை' என்பது போல. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியதும் தமிழாசிரியர் எழுதியதும் லெக்சிகன் எழுதியதும் சீட்டில் ஒன்றுபோலவே இருக்கும். ஆட்டம் அங்கேதான் சமமாகிறது.

உதாரணத்துக்கு, 'இடங்கர்'. எங்கள் அத்தை எழுதியது: 'ஏரில் இடப்பக்கம் கட்டும் மாடு'. இடத்துமாடு, வலத்துமாடு என்று கேட்டு வளர்ந்த வட்டம் அப்படியே அதன் பின்னால் போனது. மெய்ப்பொருள், ஒரு வகை முதலை. குறிஞ்சிப்பாட்டில் முதலையும் இடங்கரும் கராமும் அடுத்தடுத்து வரும். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலை கிடப்பதை நேரில் பார்த்தவர்கள் வட்டத்தில் இருந்தும் ஒருவரும் அதைத் தொடவில்லை.

'பயம்பு' இன்னும் நன்றாகப் போனது. 'பயந்த குழந்தைக்குக் கட்டும் கயிறு', 'பயறு பிடுங்கியபின் கிடக்கும் காய்ந்த கொடி', 'யானையைப் பிடிக்க வெட்டும் குழி' என்று மூன்று சீட்டு வந்தால் எதை எடுப்பீர்கள்? நெல் அறுத்த தரிசில் உளுந்தும் பயறும் விதைக்கிற ஊரில் கொடியைத்தான் எடுப்பார்கள். யானைக்குழிதான் சரி. 'ஞெள்ளல்' என்ற சொல்லுக்கு 'பால் பிடிக்காத நெல்' என்று ஒரு பொய் வந்தது. தெரு என்பது மெய். தேர் ஓடிக் குழிந்த தெருவைப் புறநானூறு அந்தச் சொல்லால் சொல்கிறது. நூற்குறிப்பு கூடவே இருப்பதால், ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து வாசிக்கிறார். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த நேரம் அது.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. லெக்சிகனில் வட்டார வழக்குக்குத் தனிக் குறிகள் இருக்கின்றன. தஞ்சாவூர் வழக்கு என்று குறியிட்ட சொல்லை இங்கே எடுக்கவே கூடாது. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சரியான பொருளை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வயல், வாய்க்கால், அளவை பற்றிய சொற்களும் அப்படித்தான். பதக்கு, தூணி எல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் புதிர், எங்கள் சித்தப்பாவுக்கு நெல் அளந்த கணக்கு. யாழ்ப்பாண வழக்கு, நாஞ்சில் நாட்டு வழக்கு என்று குறியிட்டவை இங்கே நன்றாக ஓடுகின்றன. கூட்டுச் சொற்களையும் தவிர்த்துவிடுங்கள், முன்பாதியே பின்பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். குட்டையான, தனித்த சொல்லே நல்லது.

லெக்சிகனில் குறை இல்லாமல் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத பல பொருள்கள் இருக்கும். 'எகினம்' என்றால் அன்னம், நாய், புளியமரம் எல்லாம்தான். யாராவது தற்செயலாக நாய் என்று எழுதி, அகராதிக்காரர் அன்னத்தை எடுத்திருந்தால் சண்டை வரும். எங்கள் வீட்டு ஏற்பாடு: அகராதியில் உள்ள எந்தப் பொருளை எழுதியிருந்தாலும் அவருக்கு முழுப் புள்ளி, அந்தச் சுற்று அதோடு முடிந்தது.

பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆடிப் பார்க்கவில்லை. திவாகரம் என்ற நிகண்டைச் செய்வித்த சேந்தன் பூந்தோட்டம் பக்கத்து அம்பர்க்காரன் என்பதால் ஆசையாக எடுத்தோம். நிகண்டு பாட்டாக, பொருள்வாரியாகத் தொகுத்தது. வட்டத்தில் பாட்டைப் பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வீரமாமுனிவர் 1732-ல் முடித்த சதுரகராதி அகரவரிசையில் இருப்பதால் அது சரிவரலாம் என்று தோன்றுகிறது. தரங்கம்பாடியில் அச்சான பப்ரீசியஸ் அகராதி பொருளை ஆங்கிலத்தில் சொல்கிறது, ஆகவே பெட்டிக்கு வந்த தடை இதற்கும் உண்டு.

பிள்ளைகள் மட்டும் கூடுகிற இடத்தில், அதிலும் பத்து வயதுக்குக் கீழே, க்ரியாவையே எடுங்கள். அவர்களுக்கு அதிலுள்ள சொற்களே புதியவைதான், தெரிந்துகொண்ட சொல் மறுநாள் பேச்சிலும் உதவும். பெரியவர்கள் கலந்தால் லெக்சிகன். அச்சுத் தொகுதிகளை வாங்கி வைக்க வேண்டும் என்றில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் முழு லெக்சிகனையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அகராதிக்காரரிடம் மட்டும் ஒரு போன் இருக்கட்டும், மற்ற போன்கள் ஆட்டம் முடியும்வரை அடுத்த அறையில் இருக்க வேண்டும்.